நாநுனி தொடும் இடம்

புத்தளத்தில் இருந்து வடக்கே வண்ணாத்திவில்லு ஊடாகப் போகும் வீதி, எலுவன்குளத்தைத் தாண்டிக் கலா ஓயாவைக் கடந்ததும் வில்பத்துக் காட்டுக்குள் இறங்குகிறது. காட்டுக்கு அந்தப் பக்கம் மன்னார் மாவட்டத்தின் மறிச்சுக்கட்டி. மேற்கே கண்டல் மரங்களும் புத்தளக் களப்பும். காட்டுக்கும் களப்புக்கும் நடுவில் கிடக்கும் இந்தக் கரையில் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு நாள் நின்றால் போதும். சிங்களம் கேட்கும். புத்தளத்து முஸ்லிம்களின் தமிழ் கேட்கும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்டு இந்த மாவட்டத்துக்கு வந்து குடியேறியவர்களின் தமிழ் கேட்கும். பள்ளிவாசல் பக்கம் போனால் குர்ஆன் ஓதும் பிள்ளைகளின் அரபு கேட்கும்.

இவ்வளவுக்கும் மேலே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அதை இணைப்பு மொழி என்று எழுதிவைத்தது. ஆனால் ஆங்கிலத்தைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், ‘வாய்க்குள்ள நுழையுதில்ல’ என்பதுதான். நான் இதை ஏற்கமாட்டேன். ஆங்கில அசைகளைச் சொல்ல நாக்கும் உதடும் போக வேண்டிய இடங்களில் பெரும்பாலானவை இந்தக் கரையில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே வாயில் இல்லை, அதுதான் சங்கதி. ஒன்று சிங்களத்தில் இருக்கிறது, ஒன்று யாழ்ப்பாணத் தமிழில் இருக்கிறது, இன்னொன்று ஓதல் வகுப்பில் இருக்கிறது.

பேச்சு என்பது வெளியேறும் மூச்சு. நாதசுரத்தில் சீவாளி அதிர, அந்த அதிர்வைக் குழல் ஓசையாக வடிக்கிறது. நம் தொண்டையில் குரல் நாண்கள்தான் சீவாளி. அங்கிருந்து உதடு வரைக்குமான பாதை குழல். வளர்ந்த ஆணுக்கு அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். குரல் நாண்கள் ஆணுக்கு நொடிக்கு 120 தடவை அளவிலும், பெண்ணுக்கு 200 தடவை அளவிலும், சின்னப் பிள்ளைக்கு 300 தடவை அளவிலும் அதிரும். நாதசுரத்தின் குழல் மரத்தாலானது, வடிவம் மாறாது. வாய்க்குள் இருக்கும் குழலோ தசை. நாக்கு முன்னே வந்தால் ஒரு வடிவம், பின்னே போனால் ஒரு வடிவம், உதடு குவிந்தால் இன்னொன்று. வடிவம் மாறும்போது எந்த அதிர்வெண்கள் ஓங்கி ஒலிக்கும் என்பதும் மாறுகிறது. ஈயை ஈ ஆகவும் ஆவை ஆ ஆகவும் காது பிரித்தறிவது இதை வைத்துத்தான். பெரும்பாலான மெய்யொலிகளுக்குக் குழலில் எங்கோ ஓர் இடத்தில் அடைப்பு விழவேண்டும், அல்லது காற்று சீறும்படி ஒடுக்கம் வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதே வேலையைத்தான் செய்கிறது. காற்று உந்தியில் எழுவதாகத் தொடங்கி, தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களைக் கணக்கில் எடுத்து, எந்த எழுத்துக்கு நாவின் எந்தப் பகுதி எங்கே படும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. அந்த வரிசையில் தகரத்துக்கு ஓர் இடம், றகரத்துக்கு ஓர் இடம், டகரத்துக்கு வேறோர் இடம். நாநுனி பற்களின் அடியில் பரந்து ஒற்றினால் தகரம். மேல்நோக்கி எழுந்து அண்ணத்தில் ஒற்றினால் றகரம். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்த அந்தக் கூர்மைதான் ஆங்கிலப் பாடத்தில் நமக்கு உடனடியாக உதவக்கூடியது.

ஆங்கிலத்தின் ‘டி’ எழுத்து எங்கே பிறக்கிறது? மேற்பற்களுக்குப் பின்னால் முரசு தடித்து மேடாக இருக்கும் இடத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். ஆங்கிலேயர் அந்த மேட்டில்தான் நாநுனியை வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்த ஒலிக்கு ட போடுகிறார்கள். டகரம் அந்த மேட்டைத் தாண்டி, நாநுனி பின்னோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடும்போது வருவது. இந்தியரின் ஆங்கிலத்துக்கு ஒரு தனி ஓசை இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

இலங்கைத் தமிழர் வேறு வழியில் போனார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் காற்று, ஆற்றில், வெற்றி என்று சொல்லும்போது வரும் ற்ற, முரசு மேட்டின் மேலேயே ஒற்றுகிறது. தமிழ்நாட்டின் பெரும்பாலான பேச்சில் இது தகரத்தோடு சேர்ந்து காத்து, ஆத்துல என்று ஆகிவிட்டது. படிக்கும்போது மட்டும் இடையில் ரகரம் சேர்ந்ததுபோல ஒலிக்கிறார்கள். மலையாளத்தில் பழைய ஒலி இன்றும் உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்தாரிடமும் அது இருந்ததால், ஆங்கிலச் சொற்கள் வந்தபோது அவர்கள் டகரத்தைத் தேடிப் போகவில்லை. கையில் இருந்த றகரத்தையே கொடுத்தார்கள். நம் நாட்டுப் பலகைகளிலும் பத்திரிகைகளிலும் பெற்றோல், மாக்கற், ரிக்கற், ரீச்சர் என்று எழுதுவது இந்த வழியில் வந்தது. சொல்லின் முதலில் ர எழுதினாலும் வாயில் வருவது அதே மேட்டு ஒலி. கனடாவில் இருந்து வரும் தமிழ்ப் பத்திரிகைகள் ரொறொன்ரோ என்று எழுதுவதைக் கண்டு தமிழ்நாட்டு நண்பர்கள் எழுத்துப்பிழை என்று நினைப்பதுண்டு. பிழையே இல்லை. ஆங்கிலத்தின் அந்த ஒலிக்குத் தமிழில் கிடைக்கக்கூடிய மிகத் துல்லியமான எழுத்து அது. இப்போது இங்கேயும் டீச்சர், டிக்கட் என்ற எழுத்து பரவி வருவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. எழுத்து மாறினால் நாக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே வளையும்.

இதை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். ஒலியியலாளர் பீட்டர் லடிஃபோகட் களத்தில் செய்த முறை இது. கரித்தூளை ஒலிவ எண்ணெயில் குழைத்து, பேசுபவரின் நாக்கில் தடவி, ஒரே ஒரு சொல்லைச் சொல்ல வைப்பார். பிறகு வாய்க்குள் கண்ணாடியை வைத்து அண்ணத்தில் எங்கே கறுப்புப் படிந்திருக்கிறது என்று படம் எடுப்பார். பத்து, பற்று, பட்டு என்ற மூன்றையும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் ஒவ்வொன்றாகச் சொன்னால் மூன்று இடங்களில் கறை விழும்: பல்லடி, மேடு, மேட்டுக்குப் பின்.

இந்த வேறுபாடுகளைக் கேட்கும் திறன் பிறக்கும்போது எல்லோருக்கும் உண்டு. கனடாவில் ஜனெற் வேர்க்கரும் ரிச்சட் ரீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. இந்தி மொழியின் பல்லடித் தகரத்தையும் வளைநாட் டகரத்தையும் ஆங்கில வீடுகளில் வளரும் குழந்தைகளுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டையும் வேறுபடுத்தினார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலோரிடம் அந்தத் திறன் மங்கிவிட்டது. ஒரு வயதுக்குள் காது தன் வீட்டு மொழிக்குத் தேவையானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுகிறது. வாய்க்குள் நுழையவில்லை என்று நாம் சொல்வதில் பாதி, உண்மையில் காதுக்குள் நுழையாததுதான். அதனால்தான் பல தமிழும் சிங்களமும் கலந்து கேட்கும் ஊரில் வளரும் பிள்ளையை நான் பாக்கியசாலி என்கிறேன். அதன் காது கழித்துவிட்டவை குறைவு.

அடுத்து, ஆங்கிலத்தில் ‘டி-எச்’ என்ற இரண்டு எழுத்துகளால் எழுதும் ஒலி. நாநுனியை மேற்பல்லின் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டி, அடைக்காமல், இடுக்கு வழியாகக் காற்றை ஊதவேண்டும். தமிழர் இதற்குப் பதிலாகத் தகரத்தைச் சொல்கிறோம். அதில் நாக்கு பல்லை அடைத்துவிட்டுத் திறக்கிறது. புத்தளத்துப் பிள்ளைக்கு இந்த ஒலியை ஆங்கில ஆசிரியர் கற்றுக்கொடுக்க முன்னரே மௌலவி கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருப்பார். அரபு நெடுங்கணக்கின் நான்காவது எழுத்து இதே ஒலி. ஒன்பதாவது எழுத்து, அதே இடத்தில் குரல் நாண்கள் அதிரச் சொல்வது. தஜ்வீத் என்னும் ஓதற்கலை ஒவ்வொரு எழுத்துக்கும் அது புறப்படும் இடத்தை, அதாவது மக்ரஜை, மனப்பாடம் செய்ய வைக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் இலக்கணக்காரர் சீபவைஹி இப்படிப் பதினாறு இடங்களைக் கணக்கிட்டார். 1429இல் மறைந்த இப்னுல் ஜஸரியின் கணக்கில் அவை பதினேழு. தமிழுக்குப் பிறப்பியல் எப்படியோ அரபுக்கு மக்ரஜ் அப்படி. பிறப்பியல் இன்று பரீட்சைப் பாடமாகச் சுருங்கிவிட்டது; மக்ரஜ் இன்றும் பிள்ளையின் நாக்கைப் பிடித்துத் திருத்துகிறது.

அவசர ஓதலில் நான்காவது எழுத்து ஸகரமாகவும் தகரமாகவும் நழுவுவது உண்டு, மறுக்கமுடியாது. ஆனால் நாக்கை எங்கே நீட்ட வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதைப்போலவே இருபதாவது எழுத்துக்குக் கீழுதட்டின் உட்புறம் மேற்பல் விளிம்பில் படவேண்டும். தமிழில் ஆய்தத்தையும் பகரத்தையும் சேர்த்து எழுதிச் சமாளிக்கும் ஆங்கில ‘எஃப்’ அதுவே. பதினோராவது எழுத்து, குரல் கலந்து சீறும் ஸகரம். ஆங்கிலத்தில் ‘ஸூ’ என்னும் மிருகக்காட்சிசாலைக்கு வேண்டியது அது. இருபத்தேழாவது, உதட்டை நன்றாகக் குவித்துச் சொல்லும் வகரம்.

இந்தக் கடைசி எழுத்து மிகவும் பயன்படக்கூடியது. ஆங்கிலத்தில் வகரம் இரண்டு. மேற்குத் திசைக்கு உதடு குவியவேண்டும், உள்ளாடையான வெஸ்ட்டுக்குப் பல் உதட்டில் படவேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரே வகரம்தான். தொல்காப்பியம் வகரத்துக்குப் பல்லும் இதழும் இயையவேண்டும் என்கிறது; நம் இன்றைய பேச்சிலோ அவை நெருங்குகின்றன, காற்று உரசுவதில்லை. ஓதத் தெரிந்த பிள்ளைக்கு முதல் வகரம் தயாராக இருக்கிறது. இரண்டாவதற்கு, இருபதாவது எழுத்தின் இடத்திலேயே உதட்டை வைத்துக்கொண்டு குரலைச் சேர்க்கச் சொன்னால் போதும். ஆங்கில வகுப்பும் ஓதல் வகுப்பும் ஒன்றையொன்று கவனித்தால் எவ்வளவு உழைப்பு மிச்சமாகும்!

உயிரொலிகளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் டொக்டர், கொலிஜ், கொம்பனி. சென்னையில் டாக்டர், காலேஜ், கம்பெனி. வங்கியை அங்கே பேங்க் என்பார்கள், இங்கே பாங்க் என்போம். எது சரி என்று இணையத்தில் சண்டை நடக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே இலக்கை இரண்டு திசையில் இருந்து நெருங்குகிறார்கள். 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கோர்டன் பீற்றர்சனும் ஹெரல்ட் பார்னியும் 76 பேரின் உயிரொலிகளை அளந்தார்கள். ஆண்களின் சராசரியில், வங்கிக்கான அந்த உயிரின் முதல் இரண்டு ஒத்ததிர்வுகள் 660, 1720 ஹேர்ட்ஸ். முதல் எண் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது; இரண்டாவது எண், நாக்கு எவ்வளவு முன்னே இருக்கிறது என்பதை. 660 என்றால் ஆகாரத்தை நெருங்கும் அளவுக்குத் திறந்த வாய். 1720 என்றால் ஏகாரத்தைப்போல முன்னே வந்த நாக்கு. வாயை ஆகாரத்துக்குத் திறந்து, நாக்கை ஏகாரத்துக்கு முன்தள்ளினால் வருவது அது. தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் ஒருவர் ஏகாரத்தையும் ஒருவர் ஆகாரத்தையும் எடுத்தார்கள்.

சிங்களத்தில் அதற்கு எழுத்தே உண்டு, குறில் ஒன்று, நெடில் ஒன்று. ஆங்கில உச்சரிப்பு அகராதியை 1917இல் வெளியிட்ட டானியல் ஜோன்ஸ், இரண்டு வருடம் கழித்து எச். எஸ். பெரேராவுடன் சேர்ந்து, பேச்சுச் சிங்களத்தை ஒலிக்குறியில் எழுதி ஒரு வாசிப்பு நூல் வெளியிட்டார். ஆங்கில உச்சரிப்புக்கு அகராதி வகுத்த அதே காது இந்த நாட்டுப் பேச்சையும் கேட்டிருக்கிறது. கடையில் சிங்களம் பேசும் எலுவன்குளத்துத் தமிழ்ப் பிள்ளை அந்த உயிரைத் தினமும் சொல்கிறது. ஆங்கில வங்கியில் அதைப் போடலாம் என்று யாரும் சொல்லிக்கொடுக்காததால் பாங்க் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது.

பகரத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு மெல்லிய கடதாசித் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துப் ‘பின்னால்’ என்று சொன்னால் கடதாசி அநேகமாக ஆடாது. ஆங்கிலேயர் ஊசிக்கான ‘பின்’னைச் சொன்னால் அது துள்ளும். உதடு திறந்ததற்கும் குரல் நாண்கள் அதிரத் தொடங்குவதற்கும் இடையில் அவர்கள் காற்றை வெளியே விடுகிறார்கள். லீ லிஸ்கரும் ஆர்தர் ஏப்ரம்சனும் 1964இல் பதினொரு மொழிகளில் இந்த இடைவெளியை அளந்தார்கள். தமிழும் அதில் ஒன்று. ஆங்கிலப் பகரத்துக்குச் சராசரி 58 மில்லிநொடி. தமிழில் பத்தை ஒட்டிய எண். அதனால்தான் நாம் ஒழுங்காகப் பகரம் சொன்னாலும் ஆங்கிலக் காதுக்கு அது அவர்களுடைய ‘பீ’ எழுத்தாகக் கேட்காமல் போய்விடுகிறது. தீர்வு ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பின் என்று சொல்லும்போது ஆங்கிலேயரும் காற்றை விடுவதில்லை. அங்கே அவர்கள் சொல்வது நம் பகரம். முன்னால் ஸகரம் இருந்தால் கடதாசி ஆடவேண்டாம், இல்லாவிட்டால் ஆடட்டும். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள்.

அந்த ஸ்பின்னைச் சொல்ல வரும்போதுதான் பலர் இஸ்பின் என்கிறார்கள். இஸ்கூலும் அப்படி. சிங்களத்தில் பாடசாலையை இஸ்கோலய என்பதிலும் இதே இகரம் முன்னால் நிற்கிறது. அசை என்பது சாதாரணமாக ஓசை ஏறி உயிரில் உச்சம் தொட்டு இறங்குவது. ஸகரம் ககரத்தைவிட ஓசை கூடியது. ஆகவே ஸ்கூலில் ஓசை முதலில் உயர்ந்து, தாழ்ந்து, மறுபடி உயர்கிறது. அந்தத் தனித்த ஸகரத்தைத் தாங்க ஓர் உயிர் தேவை என்று வாய் தானாகவே முடிவெடுக்கிறது. சொல்லின் இறுதியிலும் இதேதான்: கப் கப்பு ஆகிறது. உகரத்தை மட்டும் சேர்த்தால் நடுவில் அகப்பட்ட தனிப் பகரம் தமிழ் வழக்கப்படி மெலிந்து குரல் கலந்துவிடும். அதைக் காப்பாற்ற இரட்டிக்கிறோம். கவனக்குறைவால் வருவதல்ல, மிக ஒழுங்கான ஒரு கணக்கு. பிள்ளையை இதற்காகக் கேலி செய்பவர்கள் அந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும். திருத்துவதற்கும் வழி எளிது: ஸகரத்தைப் பாம்பின் சீறலாக நீட்டிவிட்டு அதில் இருந்து நேரே கூலுக்குப் போகச் சொன்னால் இகரத்துக்கு இடம் கிடைக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தக் கரையில் தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்காத ஒன்று இருக்கிறது. அது வாயில் இல்லை, மூச்சில் இருக்கிறது. தமிழ் குறிலையும் நெடிலையும் மாத்திரையால் அளக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. எந்த அசையையும் ஓங்கி அடித்துச் சொல்லவேண்டும் என்று கேட்பதில்லை. சிங்களமும் கேட்பதில்லை. ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை மற்றவற்றை அழுத்திக்கொண்டு எழும். அதில் குரல் உயரும், நீளும், உரக்கும். அழுத்தம் விழாத அசைகளில் எழுதியிருக்கும் உயிர் எதுவானாலும் கரைந்து, நாக்கு நடுவில் சோம்பிக் கிடக்கும் ஒரு மங்கல் அகரமாகிவிடும். மங்கல் அகரம் சிங்களத்தில் உண்டு, செய்வதைக் குறிக்கும் கரணவா என்ற சொல்லின் நடுவில் கேட்கலாம். அழுத்தம் மட்டும் புதிது. ‘ரெக்கோட்’ என்பதில் முதல் அசையை அழுத்தினால் பதிவு, இரண்டாவதை அழுத்தினால் பதிவு செய். ஃபோட்டோகிராஃபில் முதலில் விழும் அழுத்தம் ஃபோட்டோகிராஃபியில் இரண்டாவதுக்குத் தாவி, முன்னும் பின்னும் இருந்த உயிர்களை மங்கச் செய்துவிடுகிறது. மெய்யெழுத்து ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்ன பிறகும் நம் ஆங்கிலம் வெளியாருக்குப் புரியாமல் போவது பெரும்பாலும் இதனால். ஆனால் பாடப்புத்தகத்தில் இதற்குத்தான் மிகக் குறைந்த இடம்.

கற்றுக்கொடுக்க ஒரு றபான் போதும். வாழைப்பழத்தின் ஆங்கிலப் பெயருக்கு மூன்று அடி: தளர்வாக ஒன்று, ஓங்கி ஒன்று, மீண்டும் தளர்வாக ஒன்று. நடு அசையின் ஆகாரத்தை நீட்டிச் சொல்லி, இரு பக்கத்து அகரங்களையும் வாய் பாதி மூடியபடி விழுங்கவேண்டும். பிறகு கம்பியூற்றர்: தளர்வு, ஓங்கல், தளர்வு, அதே தாளம். அதற்கடுத்து ஹொஸ்பிற்றல், ஓங்கல் முதலில் வரும். சொல்லை விட்டுவிட்டு முதலில் அடியை மட்டும் பழகட்டும். அடி கையில் ஏறிய பின் சொல்லைச் சேர்க்கலாம்.